குறிப்புச்சட்டத்துக்குள் வளர்ந்த பிள்ளைகள்

எங்கள் வகுப்புகளிலிருந்து வெளியேறும் பிள்ளைகளுக்கு எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் ஒன்றரைப் பக்கம் எழுதத் தெரியும். மழைநீர்ச் சேகரிப்பு, சாலைப் பாதுகாப்பு, நூலகத்தின் பயன், விண்வெளியும் கல்பனா சாவ்லாவும் என்று எதைச் சொன்னாலும் முன்னுரை, நான்கு உள்தலைப்பு, நடுவில் ஒரு குறள், கடைசியில் முடிவுரை என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஒன்றரைப் பக்கத்தில் அந்தப் பிள்ளையின் மனத்தில் அன்றைக்குப் பிறந்த வரி ஒன்றுகூட இருக்காது. குறை பிள்ளைகளுடையது இல்லை. தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பாடம் நடத்தும் நாங்கள் ஆண்டாண்டாக இதைத்தான் கற்றுக்கொடுத்தோம்.

தேர்வு முறை, தேர்ச்சி விழுக்காடு கேட்டு வரும் அழுத்தம், பெற்றோரின் எதிர்பார்ப்பு எல்லாம் உண்மைதான். அவற்றைப் பற்றி ஆசிரியர் அறையில் நிறையப் பேசியிருக்கிறோம். எங்கள் கையிலேயே இருந்ததைப் பற்றி அந்த அளவுக்குப் பேசியதில்லை. ஒரு பிள்ளை தான் எப்படி யோசிக்கிறது என்பதைத் தானே கவனிக்கப் பழக்குவதும், ஒரு வேலையை அந்த வேலைக்காகவே விரும்ப இடம் கொடுப்பதும் எங்கள் கையில் இருந்தன. இரண்டையும் கைவிட்டோம். படைப்பாற்றல் எங்கே போயிற்று என்று பிறகு தேடினோம்.

குறிப்புச்சட்டத்திலிருந்தே தொடங்கலாம். தலைப்பு, அதன்கீழ் நான்கைந்து குறிப்புகள், அவற்றை விரித்தால் கட்டுரை. எழுதப் பழகாத பிள்ளைக்குக் கைப்பிடியாக வந்த ஏற்பாடு அது, அதில் தவறில்லை. கைப்பிடியை எடுக்கும் நாள் எது என்று நாங்கள் யோசிக்கவில்லை. ஆறாம் வகுப்பில் கொடுத்ததையே பத்தாம் வகுப்பிலும் கொடுத்தோம். "ஐயா, இது முன்னுரையில வருமா, உள்தலைப்புல வருமா?" என்று எழுந்து நின்று கேட்பார்கள். எங்கே வரும் என்று சொல்லி உட்கார வைத்தோம். "இது உனக்கு எப்படித் தோணுச்சு? எங்க வச்சா நல்லா இருக்கும்னு நீ நினைக்கிற?" என்று திருப்பிக் கேட்க அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தில்தான் பிள்ளை முதல்முறையாகத் தன் யோசனையைத் தள்ளி நின்று பார்த்திருக்கும்.

இவையெல்லாம் எங்களுக்குத் தெரியாதவை என்று சொல்ல முடியாது. பி.எட். படிக்கும்போது கல்வி உளவியல் தாளில் ஊக்குவித்தலுக்கும் படைப்பாற்றலுக்கும் தனித்தனி அலகுகள் இருந்தன. கிரகாம் வாலஸ் 1926-இல் சொன்ன நான்கு நிலைகளை, ஆயத்தம், உள்ளே ஊறுதல், பளிச்சென்று தெளிதல், சரிபார்த்தல் என்று வரிசை பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண். எழுதி வாங்கினோம். அந்த இரண்டாவது நிலையை, ஒரு விஷயத்தைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கும்போது அது உள்ளே ஊறுகிறதே, அதை எங்கள் கால அட்டவணையில் எங்கே வைத்தோம்? நாற்பது நிமிடப் பீரியடில் தலைப்பை எழுதிப் போட்டு, மணி அடிக்குமுன் நோட்டைக் கேட்டு வாங்கினோம். ஒரு பிள்ளை தலைப்பை வீட்டுக்குக் கொண்டுபோய், ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போதோ தங்கையைத் தூங்க வைக்கும்போதோ அதை நினைத்துப் பார்த்து, மறுநாள் வந்து எழுத ஒருநாளும் விடவில்லை.

அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளேவெல் 1979-இல் எழுதிய கட்டுரைதான் மெட்டாகாக்னிஷன், அதாவது தன் சிந்தனையைத் தானே அறிதல், என்ற துறைக்கு அடித்தளமானவற்றுள் முக்கியமானது. தன்னைப் பற்றிய அறிவு, எடுத்த வேலையைப் பற்றிய அறிவு, அதற்கான வழிகளைப் பற்றிய அறிவு, வேலை நடக்கும்போதே அது எப்படிப் போகிறது என்ற கண்காணிப்பு என்று அவர் பிரித்துக் காட்டினார். எனக்கு எது சீக்கிரம் மறக்கும், இந்தக் கணக்கு எதைக் கேட்கிறது, எந்த வழியில் போகலாம், போகிற வழி சரியா என்று ஒரு பிள்ளை தனக்குத்தானே கேட்டுக்கொள்வது. இதைத் தனிப் பாடமாக வைக்கத் தேவையில்லை. எந்தப் பாடத்துக்குள்ளும் செய்யலாம் என்பதால்தானோ என்னவோ, எந்தப் பாட ஆசிரியரும் இதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாங்கள் செய்த பிழையின் வேர் என்று ஒன்றைத்தான் சொல்ல முடியும். படைப்பாற்றலைப் பிறவிக் கொடை என்று நம்பினோம். "அவனுக்குக் கற்பனை நல்லா வரும்", "இவளுக்குக் கை வராது" என்று ஜூலை மாதத்திலேயே தீர்மானித்துவிட்டோம். நாற்பது பேர் வகுப்பில் நான்கு பேரைப் போட்டிகளுக்குத் தேர்ந்தெடுத்து, அவர்கள் மேல் உழைத்தோம். மீதி முப்பத்தாறு பேரும் தங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டதை நாங்கள் பார்க்கவில்லை. தன் சிந்தனையைப் பற்றி ஒரு பிள்ளை பெறும் முதல் அறிவே "எனக்கு அது இல்லை" என்பதாக இருந்தால், அதற்குமேல் அது எதைக் கண்காணிக்கும், எதற்காக முயலும்?

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சிந்தனையை அறிவதும் விருப்பமும் படைப்பாற்றலில் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பது இங்கேதான் தெரிகிறது.

ஏழாம் வகுப்பில் "மரம்" என்று ஒரு தலைப்புக் கொடுங்கள். நிழல் தரும், கனி தரும், மழை தரும், காற்றைத் தூய்மையாக்கும். நாற்பது நோட்டிலும் இதே நான்கு. பிள்ளைகளுக்குக் கற்பனை வறண்டுவிட்டது என்று அலுத்துக்கொள்வோம். யாருக்கும் முதலில் வருவது இதுதான். எங்களுக்கும் இதுதான் வரும். உளவியலாளர் கில்ஃபோர்டும் அவரோடு பணியாற்றியவர்களும் 1957-இலேயே பதிவுசெய்த விஷயம் இது. ஒரு பொருளுக்கு என்னென்ன பயன் என்று அடுக்கச் சொன்னால் முதலில் வருபவை எல்லாருக்கும் பொதுவானவை. நேரம் போகப்போகத்தான் அரியவை வருகின்றன. பின்னால் வந்த ஆய்வுகளும் திரும்பத் திரும்ப இதையே கண்டன. "மழைக்கு ஒதுங்கிய மரத்தடியில் என் அப்பா என்னிடம் முதல்முறையாகக் கடனைப் பற்றிப் பேசினார்" என்பது போன்ற ஒரு வரி ஐந்தாவதாகவோ ஒன்பதாவதாகவோதான் வரும். நாங்கள் நான்காவதோடு நோட்டை மூடச் சொன்னோம்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பிரையன் லூகாசும் லோரன் நார்ட்கிரெனும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், நேரம் போகப்போகத் தங்கள் யோசனைகளின் புதுமை குறைந்துகொண்டே போகும் என்று மக்கள் நம்புவதைக் கண்டார்கள். உண்மையில் அது குறையவில்லை. அப்படியே நின்றது அல்லது கூடியது. எதனால் இந்தத் தவறான கணிப்பு? யோசனைகள் வருவது கடினமாகும்போது, தரமும் குறைகிறது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. சுலபமாக வந்தது நல்லது, சிரமப்பட்டு வந்தது மட்டம் என்ற கணக்கு. அந்தக் கணக்கை நம்பும் ஒருவர் நல்ல யோசனை வரவேண்டிய இடத்துக்குச் சற்று முன்பே எழுந்து போய்விடுவார்.

இதை எங்கள் வகுப்பறைக்குள் வைத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையைச் சோம்பேறி என்றோம். ஆர்வம் இல்லாதவன் என்று பெற்றோரிடம் சொன்னோம். "இனிமேல் ஒண்ணும் வராது" என்று அவன் தவறாகக் கணித்து நிறுத்தியிருக்கலாம். அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு தகவல்: தம்பி, கஷ்டமா இருக்குன்னா முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம் இல்ல, இதுக்கு அப்புறம்தான் உனக்கே உரியது வரும், இன்னும் கொஞ்சம் உட்கார்ந்து பாரு. தன் மனம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் உட்கார்ந்திருக்கத் தெம்பு இருக்கும். அறிவு தளர்ந்த இடத்தில் விருப்பம் தளர்ந்தது. நாங்கள் விருப்பத்தை மட்டும் பார்த்து, அதையும் பிள்ளையின் குணமாகப் பார்த்து, திட்டினோம்.

விருப்பத்துக்கு நாங்கள் செய்ததும் சிறிய கேடில்லை. ஸ்டான்ஃபோர்டு வளாகத்தின் மழலையர் பள்ளியில் மார்க் லெப்பரும் டேவிட் கிரீனும் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் நடத்தி 1973-இல் வெளியிட்ட ஆய்வை பி.எட். புத்தகங்களிலேயே காணலாம். படம் வரைவதை ஏற்கெனவே விரும்பிய குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்து, எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று விட்டபோது, அந்தக் குழந்தைகள் படம் வரையச் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழப் பாதிதான். முன்னால் சொல்லாமல், வரைந்து முடித்தபின் அதே சான்றிதழைக் கொடுத்த குழந்தைகளுக்கு அந்தக் குறைவு ஏற்படவில்லை. பரிசைவிட, பரிசுக்காகத்தான் இது என்று முன்னால் சொன்ன பேச்சுதான் கெடுத்தது.

தெரசா அமாபிலே 1985-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. எழுத்தில் ஈடுபாடுள்ள 72 இளைஞர்கள். அவர்களில் ஒரு பிரிவினரிடம், எழுதுவதற்கான காரணங்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார். அங்கீகாரம், வேலைவாய்ப்பு, ஆசிரியர்களின் பாராட்டு போன்ற வெளிக்காரணங்கள் மட்டும் அதில் இருந்தன. இன்னொரு பிரிவினருக்கு எழுத்தின் இன்பம் சார்ந்த காரணங்கள். சில நிமிட வேலைதான். அதன்பின் எழுதிய சிறு கவிதைகளைக் கவிஞர்களிடம் கொடுத்து மதிப்பிட்டபோது, வெளிக்காரணங்களை நினைத்துப் பார்த்தவர்களின் கவிதைகள் தரத்தில் தெளிவாகக் கீழே இருந்தன. ஒரு பட்டியலைச் சில நிமிடம் பார்த்ததற்கே அந்த விளைவு. நாங்கள் அந்தப் பட்டியலை வழிபாட்டுக் கூட்டத்தில், வகுப்பில், ஸ்பெஷல் கிளாசில், பெற்றோர் கூட்டத்தில் பன்னிரண்டு ஆண்டு வாசித்தோம். படிச்சாதான் வேலை. எழுதினாதான் மார்க். இந்தக் கேள்வி பரீட்சைக்கு வராது, விட்டுடு.

வேலைக்காகப் படி என்று சொன்னது பொய்யில்லை. கட்டட வேலைக்குப் போகும் தாயின் மகளிடம் வேலையைப் பற்றிப் பேசாமல் எழுத்தின் இன்பத்தை மட்டும் பேசுவது அவளுடைய வாழ்க்கையை மதிக்காத பேச்சு. அவளுக்கு வேலை வேண்டும். அது ஒன்றுதான் காரணம் என்று நாங்கள் அவளை நம்பவைத்ததுதான் குற்றம். ஒரு கணக்கைப் போட்டு முடித்தபோது அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தும் அதற்குப் பெயர் சொல்லாமல், "சென்டம் எடுத்துருவ" என்று மட்டும் சொன்னோம்.

போட்டிகளின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம், நீட்டினால் வெட்கம் கூடும். பேச்சுப் போட்டிக்கு உரையை நாங்கள் எழுதினோம். பிள்ளை மனப்பாடம் செய்தது. எங்கே கையை உயர்த்துவது என்பதையும் நாங்களே சொன்னோம். அறிவியல் கண்காட்சிக்குத் தெர்மாகோலில் எரிமலை. இன்ஸ்பயர் விருதுக்கு மாணவரின் சொந்த யோசனையைக் கேட்டால், கடைசித் தேதிக்கு முதல் நாள் இணையத்தில் தேடி எடுத்து மாணவர் பெயரில் பதிவேற்றினோம். தேர்வான யோசனைக்கு மாதிரி செய்ய 10,000 ரூபாய் வந்தபோது பள்ளிக்குப் பெருமை என்றோம். ஒன்றும் தோன்றாமல் திண்டாடி, தப்பாக ஒன்றைச் செய்து பார்த்து, அதைக் கழித்து இன்னொன்றுக்குப் போகும் அந்த நடுப்பகுதிதான் பிள்ளைக்குச் சேரவேண்டிய சொத்து. அதைப் பறித்துக்கொண்டு சான்றிதழை மட்டும் கையில் கொடுத்தோம்.

வாய்ப்பு வரவில்லை என்று எங்களால் சொல்ல முடியாது. பல மாநிலங்களுக்கு வராத வாய்ப்புகள் தமிழ்நாட்டுக்கு வந்தன. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-இல் மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்கு வந்த செயல்வழிக் கற்றலில், சுவரில் கற்றல் ஏணி இருந்தது; அட்டைகள் இருந்தன; தான் எந்தப் படியில் நிற்கிறோம், அடுத்து எந்த அட்டை என்று ஏழு வயதுக் குழந்தையே பார்த்து எடுக்கலாம். குழந்தையின் உயரத்துக்குக் கரும்பலகை, அதன் வேலையைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். தன் கற்றலைத் தானே அறிய ஒரு சின்னக் குழந்தைக்கு இதைவிடத் தெளிவான ஏற்பாட்டை நாங்கள் பிறகு பார்க்கவில்லை. நாங்கள் என்ன செய்தோம்? ஏணியில் குழந்தை எங்கே நிற்கிறது என்பதைப் பதிவேட்டில் நிரப்புவதே வேலையாயிற்று. ஆய்வு வரும் நாளில் அட்டைகளைத் தூசி தட்டி வைத்தோம். மற்ற நாட்களில் பலகையில் எழுதிப் போட்டு, பார்த்து எழுதச் சொன்னோம். அந்த முறையில் குறைகளும் இருந்தன, உண்மை. அவற்றைச் சரிசெய்ய நாங்கள் அதற்குள் முழுதாக இறங்கியிருக்க வேண்டும்.

அதையொட்டி நடுநிலை வகுப்புகளுக்கு வந்த முறைக்குப் பெயரே படைப்பாற்றல் கல்வி. பாடத்தைப் படித்து, புரிந்ததைப் பிள்ளை தானே மனவரைபடமாக வரைய வேண்டும். பிறகு குழுவில் தொகுக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் மூளையிலும் ஒரே பாடம் வெவ்வேறு விதமாக உட்காருவதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு அது. ஓராண்டுக்குள் பலகையில் நாங்கள் ஒரு மனவரைபடம் போட்டோம். நாற்பது நோட்டிலும் அதே படம் ஏறியது. 2012-13-இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தபோது, வளரறி மதிப்பீடு பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்கக் கிடைத்தது. பருவக் கடைசியில் ஒரு மாலை உட்கார்ந்து எல்லாருக்கும் பதினெட்டு, பத்தொன்பது என்று போட்டு முடித்தோம்.

இவற்றில் எதைவிடவும் உறுத்துவது 2018 முதல் வந்த தமிழ்ப் பாடநூல்களில் இருக்கும் "நிற்க அதற்குத் தக" என்ற பகுதி. படித்ததைத் தன் வாழ்வோடு வைத்துப் பிள்ளை தன்னைத்தானே பார்க்கும் இடம். வீட்டிலும் பள்ளியிலும் நான் எப்படி நடந்துகொள்கிறேன், இந்தச் சூழ்நிலையில் நான் என்ன செய்வேன் என்று எழுதச் சொல்லும். இதற்குச் சரியான விடை கிடையாது. உண்மையான விடைதான் உண்டு. இதையும் பலகையில் எழுதிப் போட்டோம். அந்தக் கேள்வி தேர்வில் வர ஆரம்பித்ததும் கைடில் ஐந்து பாயின்ட் வந்தது. பெரியோரை மதிப்பேன், நேரம் தவறமாட்டேன், உண்மை பேசுவேன். தன்னைப் பற்றிய கேள்விக்குப் பிறர் எழுதிய விடையை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கும் பழக்கத்தைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நாங்கள் கொடுத்திருக்கிறோம். உண்மை பேசுவேன் என்ற வரி உட்பட.

கணித ஆசிரியர்களாகிய எங்களில் சிலருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆலன் ஷோன்ஃபெல்ட், மாணவர்கள் பழகாத கணக்குகளைப் போடுவதைப் படம்பிடித்துப் பார்த்தார். பெரும்பாலோர் கணக்கைப் படித்ததும் ஒரு வழியைப் பிடித்துக்கொண்டார்கள். அது எங்கும் போகாது என்று தெரிந்தும் தெரியாமலும் கொடுத்த நேரம் முழுக்க அதிலேயே ஓடினார்கள். தேர்ந்த கணிதவியலாளரோ எழுதியதைவிட யோசித்ததும், நின்று பார்த்ததும், திரும்பியதும் அதிகம். ஷோன்ஃபெல்ட் தன் வகுப்பில் மாணவர்களிடையே நடந்துகொண்டே மூன்று கேள்விகள் கேட்பார். இப்போது என்ன செய்கிறாய்? ஏன் அதைச் செய்கிறாய்? அது எப்படி உதவப்போகிறது? முதலில் தடுமாறியவர்கள், பருவம் முடிவதற்குள் அவர் கேட்குமுன்பே தங்களுக்குள் கேட்டுக்கொள்ளத் தொடங்கினார்கள். இந்த மூன்று கேள்விக்கு ஸ்மார்ட் போர்டு வேண்டாம், பயிற்சி முகாம் வேண்டாம். நாங்கள் கேட்டது ஒன்றுதான்: "விடை வந்துச்சா?" வேறு வழியில் விடை கொண்டுவந்த பிள்ளையிடம், "எதுக்கு ரிஸ்க், நான் போட்ட முறையிலேயே போடு" என்றோம். அந்த வழி அவளுக்கு எப்படித் தோன்றியது என்பதை அவள் சொல்ல வந்தாள். கேட்க நேரம் ஒதுக்கவில்லை.

மெல்லக் கற்போர் என்று பட்டியல் எடுத்த பிள்ளைகளுக்கு நாங்கள் செய்தது எல்லாவற்றிலும் பெரிது. அவர்களுக்கு மினிமம் மெட்டீரியல். பத்தாம் வகுப்புக் கணக்கில் வடிவியலும் வரைபடமும் போட்டால் 16 மதிப்பெண், அதோடு புக் பேக் ஒரு மதிப்பெண் வினாக்கள், பாஸுக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். பாஸ் ஆக்கியதில் அக்கறை இருந்தது. இரவு ஸ்டடியில் அவர்களோடு உட்கார்ந்ததில் உழைப்பும் இருந்தது. ஆனால் யோசிப்பதைப் பற்றி யோசிப்பது கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய ஆடம்பரம் என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம். எங்கே தடுக்குகிறது என்று தனக்கே தெரியாமல் தவிப்பதுதான் மெல்லக் கற்பதன் பெரும்பகுதி. தடுக்கும் இடத்தைத் தானே கண்டுபிடிக்கும் பயிற்சி முதலில் அவர்களுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வீட்டில் படித்தவர்கள் இருக்கும் பிள்ளையிடம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் யாராவது "ஏன் அப்படி நினைக்கிற?" என்று கேட்டுவிடுகிறார்கள். குடும்பத்தில் முதல்முதலாகப் பள்ளிக்கு வந்த பிள்ளையிடம் அந்தக் கேள்வியைக் கேட்க நாங்கள் மட்டுமே இருந்தோம்.

இரா. நடராசனின் 'ஆயிஷா' கதையைப் படித்துவிட்டுக் கண்கலங்காத ஆசிரியர் எங்களில் குறைவு. கேள்வி கேட்ட ஒரு மாணவிக்காக அழுதுவிட்டு, மறுநாள் வகுப்புக்குப் போய் "கடைசியில கேளு, இப்ப போர்ஷன் முடிக்கணும்" என்று சொன்னவர்களும் நாங்கள்தான். எங்கள் சிந்தனையை நாங்கள் கவனிக்காதபோது பிள்ளைகளுக்கு அதை எப்படிக் காட்டியிருப்போம்? பலகையில் கணக்குப் போடும்போது தவறாக ஒரு வழியில் போய், நின்று, "இது சரியா வரல, ஏன்னு பார்ப்போம்" என்று பிள்ளைகள் முன்னால் உரக்க யோசித்துக் காட்டியதில்லை. முதல்நாளே வீட்டில் போட்டுப் பார்த்து, பிழையில்லாத வடிவத்தை மட்டும் கொண்டுவந்தோம். ஆசிரியருக்கு விடை முதலிலேயே தெரியும், யோசிப்பது தெரியாதவர்கள் செய்யும் வேலை என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

இப்போது விழித்துக்கொண்டோம் என்று ஓடிப்போய் இன்னொரு பதிவேடு ஆரம்பித்துவிடக் கூடாது என்ற பயமும் எங்களுக்கு உண்டு. தன் சிந்தனையை அறிவதும் உள்ளார்ந்த விருப்பமும் படைப்பாற்றலை உயர்த்தும் என்று வரும் ஆய்வுகளைக் கவனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. மாணவரையே இரண்டையும் மதிப்பிடச் சொல்லும் கேள்வித்தாள்களில் தொடர்பு பெரிதாகத் தெரியும். தன்னைப் பற்றி நல்லபடி நினைக்கும் பிள்ளை இரண்டிலும் நல்லபடியே குறிக்கும். எழுதிய கதையையும் வரைந்த படத்தையும் வேறொருவர் மதிப்பிடுவதுதான் நம்பத்தக்கது. இன்னொன்றும் உண்டு. பிறர் மதிப்பிடப்போகிறார்கள் என்ற நினைப்பே படைப்பைச் சுருக்கிவிடும் என்பதை அமாபிலேயின் முந்தைய சோதனைகள் காட்டின. பயத்தோடு தன்னைக் கவனிக்கும் பிள்ளை ஒவ்வொரு வரியையும் அடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே, நீ எப்படி யோசித்தாய் என்று எழுதச் சொல்லி, அதற்கும் ஐந்து மதிப்பெண் வைத்தால், அடுத்த ஆண்டு கைடில் அதற்கும் விடை வந்துவிடும்.

எங்கள் வட்டாரத்தில் சில பள்ளிகளின் தமிழ், கணித, அறிவியல் ஆசிரியர்கள் கூடிப் பேசி, செய்யக்கூடியதாகச் சிலவற்றை மட்டும் எடுத்திருக்கிறோம். ஒரு கட்டுரைத் தலைப்பை வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை எழுதவைப்பது. முதலில் தோன்றிய ஐந்தையும் பக்கத்தின் மேலே எழுதிவிட்டு, அவற்றைத் தொடாமல் ஆறாவதிலிருந்து தொடங்கச் சொல்வது. இரண்டு வரைவு, முதல் வரைவில் எங்கள் சிவப்பு மை படாது. இரண்டாவதில் எதை மாற்றினாய், ஏன் என்று வாயால் கேட்பது, எழுதி வாங்காமல். அறிவியல் கண்காட்சிக்குச் செய்து பார்த்து வராமல் போனதையும் மேசைமேல் வைக்க அனுமதிப்பது. கணக்கு வகுப்பில் அந்த மூன்று கேள்விகள்.

ஒத்திகை பார்த்த வகுப்பொன்றில் ஒரு சிறுமி தன் முதல் ஐந்தை எழுதிவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தாள். பிறகு, "மிஸ், இப்ப எனக்குத் தோணுறது கட்டுரை மாதிரி இல்ல, எங்க வீட்டுக் கதை மாதிரி இருக்கு, எழுதலாமா?" என்று கேட்டாள். எழுதலாம் என்ற அனுமதிக்காக அவள் எத்தனை வகுப்புகளாகக் காத்திருந்தாள் என்று எங்களுக்குத் தெரியாது. இப்படிக் கேட்க வாயெடுக்காமலே எங்களைக் கடந்துபோனவர்கள் நிறைய. அவர்களில் பலருக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளும் எங்களிடம்தான் படிக்கிறார்கள்.

ஆய்வுக்கு வருகிறவர்கள் கட்டுரை நோட்டுகளை எண்ணிப் பார்ப்பார்கள்; பருவத்துக்கு இத்தனை, ஒவ்வொன்றிலும் கையெழுத்தும் தேதியும். இந்த முறையில் எண்ணிக்கை பாதியாகக் குறையும், நோட்டு அழகாகவும் இருக்காது. அதை மறைக்காமல் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே எழுத்தில் கொடுப்பதென்றும், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடம் காரணத்தைச் சொல்வதென்றும், அதிகாரிகள் கேட்டால் பிள்ளைகளையே அழைத்து விசாரிக்கச் சொல்வதென்றும் முடிவு செய்திருக்கிறோம். பத்தாம் வகுப்புக்கு இதை எப்படிக் கொண்டுபோவது என்பதில் எங்களுக்குள்ளேயே இன்னும் உடன்பாடு வரவில்லை. ஏழாம் வகுப்பில் ஜூன் மாதம் தொடங்குகிறோம்.